காஞ்சிக்கு வந்த குரலும் காஞ்சி தர வேண்டிய குரலும்



பட்டு நெய்கிறவருக்குக் கை ஓய்வில்லை, கால் ஓய்வில்லை, கண்ணுக்கும் ஓய்வில்லை. கை நாடாவை வீச வேண்டும், கால் மிதியை மிதிக்க வேண்டும், கண் இழை அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. அந்தக் காதை நம்பித்தான் நம் ஊர்த் தறி வீடுகளுக்குள் ரேடியோ வந்து உட்கார்ந்தது. தறிக்குழிக்கு மேலே ஒரு பலகை, பலகையில் ஒரு ரேடியோப் பெட்டி, அதன் மேல் தூசி படியாமல் ஒரு துணி. பிள்ளையார்பாளையத்தின் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாரந்தோறும் வானொலியில் பேசியவற்றை அச்சிட்டு உங்கள் கையில் தருகிற இதழ் இது. ஆகவே அந்த வானொலியின் கதையையே ஒரு முறை சேர்ந்து நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பொது வானொலி நம் ஊருக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்தது, நம் ஊரிடம் எதைக் கேட்டு வாங்காமல் விட்டது என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்துப் பார்ப்போம். இரண்டாவது கேள்விக்கான பதிலில் நம் கையில் இருக்கிற வேலை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

தென்னாட்டில் வானொலியைத் தொடங்கியது அரசு அல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் 1924-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. முதலில் 40 வாட் ஆற்றல் கொண்ட சிறு கருவி, பிறகு 200 வாட். மாலை நேரத்தில் பாட்டும் பேச்சும் மட்டும். மூன்று ஆண்டுகள் நடத்திய பின் பணமில்லாமல் 1927-இல் நின்றுபோயிற்று. ஆனால் சங்கத்தார் கருவியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தத் தொடங்கியது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு ஏற்றுவது, குடிநீர் கொடுப்பது ஆகியவற்றைப் போல, மக்களுக்குப் பாட்டும் நல்ல பேச்சும் கேட்கக் கொடுப்பதும் நகரசபையின் வேலை என்று அன்று எண்ணினார்கள். வீட்டில் பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் மிகச் சிலர். அதனால் மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பெட்டிகள் கொடுத்து, மாலையில் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பினார்கள். காற்று வாங்க வந்தவர், சுண்டல் விற்க வந்தவர், வேலை முடிந்து திரும்பும் துறைமுகக் கூலி எல்லாரும் ஒரே மணலில் நின்று ஒரே பாட்டைக் கேட்க முடிந்தது.

அதற்கு முன்பு இசை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் இருந்தது. உள்ளே நுழைய எல்லாருக்கும் உரிமையில்லை. சபாவில் இருந்தது, சீட்டு வாங்கப் பணம் வேண்டும். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தது, அழைப்பு வேண்டும். கடற்கரை ஒலிபெருக்கி சாதியையும் சீட்டையும் கேட்கவில்லை.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் ஒரு பங்களாவில் தொடங்கியது. அன்றைய மாகாணப் பிரதமர் ராஜாஜி தொடக்க விழாவில் பேசினார். அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி நிலையம் வந்தது. விடுதலைக்குப் பின் சென்னை நிலையம் கடற்கரைச் சாலையில் இன்றுள்ள கட்டடத்துக்கு மாறியது. திருநெல்வேலி 1963-இலும் கோயம்புத்தூர் 1966-இலும் தங்கள் நிலையங்களைப் பெற்றன. நம் காஞ்சிபுரத்துக்கென்று தனி நிலையம் வரவில்லை. சென்னை நமக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். சென்னை நிலையமே நம் நிலையமாயிற்று.

அந்த நிலையத்தோடு நம் ஊருக்கு உள்ள உறவை இரண்டு பெயர்கள் சொல்லும். ஒருவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-இல் பிறந்தவர். தாள நுணுக்கத்தில் அவருக்கு நிகரில்லை என்று பெரிய வித்துவான்களே ஒப்புக்கொண்டார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக் என்று பக்கவாத்தியங்கள் வரிசையாக அமர்ந்திருக்க அவர் செய்த கச்சேரிகளை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே மக்கள் அழைத்தார்கள். காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராசர் விழாவைப் பல நாள் நடத்தினார். அவருடைய பெரியம்மா முறையான காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டுகளில் பாடியவர். நாயனாப் பிள்ளையோ இசைத்தட்டில் பாட இசையவில்லை. 1934-இல் அவர் இறந்தார். சென்னை நிலையம் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்று அவருடைய குரல் நமக்குப் பதிவாகக் கிடைக்கவில்லை. அவர் பாடினார் என்பதற்குச் சாட்சி, கேட்டவர்களின் நினைவும் அவரிடம் கற்றவர்களின் பாட்டும்தான்.

இன்னொருவர் டி.கே. பட்டம்மாள். அவர் பெயரிலுள்ள ‘டி’ என்ற எழுத்து, காஞ்சிக்கு அருகிலுள்ள தாமல் என்ற சிற்றூர். 1919-இல் பிறந்தவர். நாயனாப் பிள்ளை நடத்திய விழாக்களில் சிறுமியாக உட்கார்ந்து, காதால் கேட்டே பாட்டை வாங்கிக்கொண்டவர். அவர் பிறந்த குடும்பச் சூழலில் பெண் மேடையேறிப் பாடுவது வழக்கமில்லை. சிறுமியாக இருந்தபோதே சென்னையின் அந்தத் தொடக்க கால வானொலியில் பாடினார். மேடைக் கச்சேரி 1932-இல் வந்தது. மேடையில் பெண்ணைப் பார்க்கத் தயங்கிய சமூகம், பெட்டியில் பெண்ணின் குரலைக் கேட்கத் தயங்கவில்லை. காது முதலில் பழகியது, கண் பிறகு பழகியது. 1947 ஆகஸ்ட் 15-இல் நாடு விடுதலை பெற்றபோது சென்னை வானொலியில் பாரதியின் விடுதலைப் பாடலைப் பாடிய குரலும் பட்டம்மாளுடையதுதான். தாமல் கிராமத்துப் பெண்ணின் குரலில் தமிழ்நாடு தன் விடுதலையைக் கேட்டது.

குருவும் மாணவியும் போன்ற இந்த இருவருக்கும் இடையே முப்பது ஆண்டு இடைவெளிதான். ஒருவர் குரல் போய்விட்டது. மற்றவர் குரல் இன்றும் நம்மிடம் இருக்கிறது. வானொலியும் பதிவும் வந்ததால் ஏற்பட்ட வேறுபாடு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் நமக்கு வேண்டாம்.

இசையை விட்டு ஊர்க் காரியங்களுக்கு வருவோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ நினைவிருக்கும். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. மாலையில் ஒருவர் திறந்து போடுவார். செய்தி, வேளாண்மை நிகழ்ச்சி, கிராமிய இசை, நாடகம். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து கேட்பார்கள். சேரி மக்கள் அந்தத் திண்ணையில் வந்து உட்கார முடியாத ஊர்கள் பல இருந்தன. அதை மறைத்துப் பேசுவது உண்மையாகாது. ஆனால் ஒலிக்கு வேலி போட யாராலும் முடியவில்லை. திண்ணைக்கு எட்டிய செய்தி அதே நொடியில் சேரிக்கும் எட்டியது. உர விலை, கூலி, அரசுத் திட்டம் எதுவானாலும், அது முதலில் ஒருவருக்கும் பிறகு மற்றவருக்கும் என்று வரவில்லை. அறிவு ஒரே நேரத்தில் எல்லாருக்கும் போய்ச் சேர்வது என்பது நம் நாட்டில் சிறிய காரியமல்ல.

இதற்குத் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. 1966-இல் வானொலியில் வேளாண்மைக்கென்று தனிப் பிரிவுகள் அமைத்தபோது தஞ்சைப் பகுதி முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று. புது நெல்லை எப்படி விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று திருச்சி வானொலி நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது. விதையை அரசு கொடுத்தது. நம்பிக்கையை வானொலி கொடுத்தது. அந்த நெல்லுக்கு உழவர்கள் தாங்களே வேறு பெயர் வைத்தார்கள். ‘ரேடியோ நெல்’ என்றார்கள். ‘வீடும் வயலும்’ என்ற நிகழ்ச்சிப் பெயர் நம் வீடுகளில் பழகிய பெயராக ஆனதும் இப்படித்தான்.

செய்தியிலும் பொது வானொலிக்கு ஒரு பொறுப்பு இருந்தது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்ட செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. நாட்டுப் பிரிவினையின் இரத்தம் காயாத நேரம். சுட்டவர் யார் என்று தெரியாமல் வதந்தி பரவினால் எத்தனை ஊர்கள் பற்றி எரியும் என்று சொல்ல முடியாது. கொன்றவர் முஸ்லிம் அல்ல, இந்துவே என்பதை வானொலி அன்று மாலையே ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. அந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்கிட முடியாது. உண்மையைச் சரியான நேரத்தில், எல்லாரும் நம்புகிற குரலில் சொல்வது எவ்வளவு பெரிய பணி என்பது அன்று தெரிந்தது. வதந்தி கைப்பேசியில் நொடிக்கு நொடி ஓடும் இந்த நாளில் இது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

காலை நேரத்தையும் சொல்ல வேண்டும். காலை பக்திப் பாடல் நிகழ்ச்சியில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தமிழ் வானொலியின் பழைய வழக்கம். கோயில் நகரமான நம் ஊரில் மார்கழிக் காலையில் திருப்பாவை கேட்ட வீட்டுக்குள் அதே பெட்டி வழியே மாதா பாடலும் நாகூர் அனிபாவின் குரலும் நுழைந்தன. யாரும் எழுந்து போய்ப் பெட்டியை மூடவில்லை. அடுத்தவர் எப்படி வேண்டுகிறார் என்பது நமக்குத் தெரியும். நாம் எப்படி வேண்டுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஒருவரையொருவர் அறிந்த அண்டை வீட்டார் சண்டைக்கு அவ்வளவு எளிதில் போவதில்லை. இதை எந்தச் சமய நல்லிணக்கக் கூட்டமும் செய்யவில்லை. தேநீர் கொதிக்கும் நேரத்தில் வானொலி செய்தது.

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறாகாது. பொது வானொலி சில கதவுகளைச் சாத்தவும் செய்தது. நம் பாடற்குழுவின் ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவிக்கு அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை இடமில்லை. ஆர்மோனியத்தின் கட்டைகளில் சுரங்கள் நிலையாக நிற்கின்றன, நம் இசையின் கமகத்தை அதில் கொண்டுவர முடியாது என்பது காரணம். வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் அந்தக் கருத்தை எழுதினார். கவி தாகூரும் தடையை வரவேற்றார். இசை நுணுக்கத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கூத்துக் கொட்டகையிலும் நாடக மேடையிலும் கிராமத்துக் கோயில்களிலும் ஏழை மக்களின் பாட்டைத் தாங்கி நின்ற கருவி அது. எது உயர்ந்த இசை என்பதை ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தபோது, அதை வாசித்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1971-இல் பக்கவாத்தியமாக வாசிக்க அனுமதி கிடைத்த பிறகும், தனிக் கச்சேரிக்கு அது நெடுநாள் காத்திருந்தது.

ஆர்மோனியம் ஒரு கருவி. அதே மேசை மனிதர்களையும் வெளியே நிறுத்தியது. விடுதலைக்குச் சற்று முன்பு, தில்லியில் வல்லபபாய் படேல் இந்தத் துறையைக் கவனித்த காலத்தில், ஒழுக்கத்தின் பெயரால் பாரம்பரியப் பாடகியர் சிலருக்கு வானொலிக் கதவு மூடியது. இசையைக் காத்து வளர்த்த பெண்களின் பரம்பரையையே தள்ளி வைத்தார்கள். பின்னர் 1952-இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் குமிழைச் சற்றே திருகினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது. மயில்வாகனனும் அவருக்குப் பின் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர்களைப் போல ஆனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கித்தான் நம் வானொலி தன் நேயர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. மக்களுக்கு எது நல்லது என்று மேலே இருப்பவர் மட்டுமே முடிவு செய்தால், மக்கள் காதைத் திருப்பிக்கொள்வார்கள். மேடையில் நின்று பேசுகிற எவருக்கும், மறையுரை ஆற்றுகிற குருக்களாகிய எங்களுக்கும்கூட, இது பயனுள்ள பாடம்.

அரசின் கையில் இருந்ததால் வந்த குறையும் உண்டு. 1975 ஜூன் 26 காலை, நெருக்கடி நிலை அறிவிப்பை நாடு வானொலியில்தான் கேட்டது. அதன் பின் வந்த மாதங்களில் வானொலியில் எதிர்க்குரல் இல்லை. தன்னாட்சி வேண்டும் என்று குழுக்கள் சொல்லிச் சொல்லி, 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. ரேடியோ வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டி வந்தார், 1980-களின் நடுப்பகுதி வரை. பணம் மக்களுடையது, காது மக்களுடையது; பேசும் உரிமை மட்டும் மக்களுடையதாக இல்லை.

திருச்சபையும் இந்தக் கருவியின் ஆற்றலை முன்பே உணர்ந்தது. 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், மார்க்கோனியே அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் முதன்முதலாகப் பேசினார். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1970-களில் தொடங்கியது. கடிதம் எழுதிய நேயருக்குப் பெயர் சொல்லிப் பதில் சொன்ன வானொலி அது. அஞ்சலட்டை எழுதிவிட்டு, தன் பெயர் எப்போது வரும் என்று சிற்றலையின் கரகரப்புக்கு நடுவே காதைத் தீட்டிக் காத்திருந்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவரும் ஏராளம். தன் பெயர் அவ்வளவு தூரத்திலிருந்து வருவதைக் கேட்ட நெசவாளிக்கும் பீடி சுற்றும் தாய்க்கும், தானும் கணக்கில் உண்டு என்று தெரிந்தது. 2018-இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று, இணையத்துக்கு மாறியது.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுவதும் கட்டைக்கூத்து, கடைசி நாள் படுகளம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம். இரவு தொடங்கிய கூத்து பொழுது விடியும் வரை போகும். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 1990-இல் கலைஞர்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள்; அங்கே நடந்த குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடியது.

இத்தகைய கூத்தை வானொலி எப்படி வாங்கிக்கொண்டது? கிராமிய இசை நிகழ்ச்சிக்கு அரை மணி. விடிய விடிய நடப்பதை அரை மணிக்குள் அடக்கினால் எது தங்கும்? பாட்டு தங்கும், கட்டியங்காரனின் கேலி போய்விடும். ஊர்த் தலைவரையும் கடன்காரரையும் அரசையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்கிற இடம் அதுதான். ஊர்ப் பிரச்சினை கலைக்குள் வருகிற வாசலும் அதுதான். கலையை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த ஊரின் பேச்சை விட்டுவிட்டதுபோல் ஆயிற்று. வானொலி நமக்கு நிறையப் பேசியது. நம்மைப் பேசவிட்டது குறைவு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தக் குறைக்கு ஒரு வழி பிறந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் மக்களின் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது; நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006-இல் விதிகள் தளர்ந்து, தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்றாயிற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும், உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி.

பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ‘கடல் ஓசை’ என்ற வானொலி மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலைக் காக்க வேண்டியதன் தேவை, நடுவே மீனவரின் பாட்டு. பேசுகிறவர் கடலோரத்துப் பிள்ளை, கேட்கிறவரும் அவரே. அலை உயரம் என்று அவர் சொன்னால் அது பாட வேளைச் செய்தியல்ல. அண்ணன் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை.

நம் ஊருக்கு இப்படிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால், இருப்பதை எண்ணி முடியாது. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, ஊடைக்கு ஊடை கோர்த்து இணைக்கிற கோர்வை என்ற வேலை இருக்கிறது. அதற்கு மூன்று நாடா வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலின் பாவோடு முந்தியின் பாவை இழை இழையாக இணைக்கிற வேலை இருக்கிறது. இவற்றைச் செய்யும் கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை, தறியில் கிடைக்கும் கூலி வீட்டை நடத்தப் போதவில்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதையும், ஜரிகை விலையையும், முதுகு வலியையும், கண் மங்குவதையும் நெசவாளரே தம் வாயால் சொல்ல வேண்டும். அவருக்காக வேறொருவர் சொல்வது போதாது.

நெசவாளர் வீசுவதற்கும் நாடா என்று பெயர். குரலைப் பதிந்து வைத்ததற்கும் நாடா என்றுதான் பெயர். ஒலிநாடாக்கள் விலை மிகுந்திருந்த நாளில், பழைய பதிவை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிவார்கள். அப்படி அழிந்த குரல்கள் எத்தனையோ. இன்று அந்தக் கஷ்டம் நமக்கில்லை. நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசி, மணிக்கணக்கில் பதியும். ஆனால் வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து கைப்பேசி, ஐந்து காதுக்கு ஐந்து ஒலி. ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு குடும்பம் கேட்டது போய், ஒரு குடும்பத்துக்குள் ஒருவரை ஒருவர் கேட்காத நிலை வந்திருக்கிறது. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் தாத்தாவிடம் சொல்ல ஆயிரம் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே பங்கு மக்களாகிய நாம் சேர்ந்து ஒன்றைச் செய்யலாம். வரும் ஞாயிறு முதல் ஒவ்வொரு அன்பியத்திலும் இளையோர் இருவர், அறுபது வயதுக்கு மேற்பட்ட நெசவாளர், கூத்துக் கலைஞர், நாகசுரம், தவில் வாசிப்பவர் யாராவது ஒருவரிடம் சென்று அமரட்டும். நம் சமயத்தவரா என்று பார்க்க வேண்டாம்; நம் தெருவா என்று பார்த்தால் போதும். தொழிலை எப்படிக் கற்றீர்கள், முதல் கூலி எவ்வளவு, எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு நெய்தீர்கள், எது மாற வேண்டும் என்று நான்கு கேள்விகள் போதும். அவர் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். பதிவின் ஒரு படி அவர் குடும்பத்துக்கு, ஒரு படி பங்கின் அலமாரிக்கு. சேர்ந்த பின் வானொலி நிலையத்தாரிடமும் கொண்டுபோய்க் காட்டலாம். இந்த ஊர் பேசத் தயாராக இருக்கிறது என்று சொல்லலாம்.

நாயனாப் பிள்ளையின் குரலை நாம் இனிக் கேட்கப்போவதில்லை. அவர் காலத்தில் கருவி அரிதாக இருந்தது, அவருக்கும் அதில் விருப்பமில்லை. இன்று கருவி நம் சட்டைப் பையில் இருக்கிறது, பேச விரும்புகிற பெரியவர் அடுத்த வீட்டில் இருக்கிறார். இடையில் இருப்பது ஒரு வாசற்படி மட்டுமே. இந்த வாரமே அதைத் தாண்டிப் போவோம்.